நாற்பத்தேழு முப்பத்தெட்டை ஓட்டிய கால்

பௌத்த ஆண்டு 2566 (கி.பி. 2023), செப்டம்பர் மாதம் 4ஆம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் 10.20 மணிக்கு அழைப்பாணை ஏதுமின்றித் தானாகக் காவல் நிலையத்துக்கு வந்த சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் லம்துவான் சீகம். வயது 46. ஹுவா ஹின் நகரம், புளியமரச் சந்து, கதவு எண் 31/4இல் மாடி அறையில் தனியாக வசித்து வருகிறேன். சந்தில் என்னைக் கோப் என்று கூப்பிடுவார்கள், தவளை என்று பொருள். லம்துவான் எங்கே என்று கேட்டால் பக்கத்து அறைக்காரிக்கே தெரியாது. நான் மேற்படி சந்தின் முனையில் உள்ள மசாஜ் கடையில் பதினோரு வருடங்களாகக் கால் பிடித்துவிடும் வேலை செய்து வந்தேன். நேற்று முன்தினத்தோடு அந்த வேலை இல்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

என் வேலையில் நான் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பேன், வாடிக்கையாளர் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பார். எனக்கு முன்னால் இருப்பது கால்தான். முகம் எங்கோ மேலே இருக்கும். ஒருவர் இரண்டாவது முறை வந்தால் முகத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரியாது, காலைத் தொட்டால் தெரிந்துவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, இந்த வழக்குக்கு அது வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

இந்த வழக்கில் இறந்துபோன துக்தா என்பவரை ஒன்பது வருடங்களாக எனக்குத் தெரியும். கழுத்தில் மரப்பெட்டியை மாட்டிக்கொண்டு, அதில் லாட்டரிச் சீட்டுகளை விரித்துவைத்து, மாலை ஐந்து மணியிலிருந்து பார் பாராக ஏறி இறங்கி விற்பவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. செவ்வாய்தோறும் பென் என்பவருடைய பாரில், தெருவைப் பார்த்த மாதிரி போட்டிருக்கும் உயரமான முக்காலிகளில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து, பீரில் பனிக்கட்டி போட்டுக்கொண்டு போகிற வருகிற ஆட்களைப் பார்ப்போம். ஒரு பீரில் இரண்டு மணிநேரம் ஓட்டிவிடுவோம். எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

ஆகஸ்ட் மாதம் 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி வாக்கில் வழக்கம்போல் நான் பென்னுடைய பாருக்குப் போனேன். மழைக்காலம், வெளியூர்க் கூட்டம் இல்லை. சந்தில் எட்டு பார்கள் திறந்திருந்தன, எட்டிலும் சேர்த்துப் பத்துப் பேர்கூட இல்லை. பாட்டுச் சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்திருந்தார்கள். அதன் பிறகு எட்டரை மணிக்குத் துக்தா அக்கா வந்து, பெட்டியைக் கழற்றாமலேயே முக்காலியில் ஏறி உட்கார்ந்தார். அப்போது சாலையில் தனியாக ஒரு வெள்ளைக்காரர் போனார்.

“அந்தக் காலு என்ன சொல்லுது, சொல்லு பாப்போம்” என்று அக்கா கேட்டார்.

“செருப்பு புதுசு. குதிகால்ல வெயிலே படல. நேத்துதான் வந்து எறங்கியிருக்காரு. நகத்தைப் பாருங்க, வெட்டி ஒரு மாசம் இருக்கும், வீட்டுல சொல்றதுக்கு ஆள் இல்ல” என்றேன்.

“மூஞ்சியப் பாருடி. தொலைஞ்சு போன மூஞ்சி. ஓட்டலுக்குத் திரும்பிப் போற வழி மறந்துட்டான்.”

“ரெண்டு பேரும் ஜோசியம் சொன்னது போதும். அவனை இங்க உள்ள அனுப்புங்கடி. பாத்துக்கிட்டே இருந்தா என் கடை எப்படி நடக்கும்?” என்று பென் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். அந்த ஆள் சந்து முனைவரை போய், நின்று, திரும்பி, எங்களிடமே வந்து ஓட்டல் பெயரைச் சொல்லி வழி கேட்டார். அக்கா என் கிளாஸிலிருந்து ஒரு மடக்குக் குடித்தார். அதுதான் எங்கள் பந்தயம்.

அதன் பிறகு எங்கள் சந்திலேயே குடியிருக்கும் ஒரு வயதான டென்மார்க்காரரும் அவர் மனைவியும் போனார்கள். மனைவி நாலு அடி முன்னால் போனார். இன்றைக்குச் சண்டை என்று நான் சொன்னேன். “சண்டை இல்லடி, அவளுக்குப் பசி. பசிச்சா அவ மூஞ்சி அப்படித்தான்” என்று அக்கா சொன்னார். அந்த அம்மாள் நேராக நூடுல்ஸ் வண்டிக்குப் போய் உட்கார்ந்தார், கணவர் வந்ததும் அவர் கிண்ணத்தில் மிளகாய்த்தூளைத் தானே போட்டுக் கலக்கிக் கொடுத்தார். இரண்டாவது மடக்கும் போயிற்று. நான் காலைப் பார்ப்பேன், துக்தா அக்கா முகத்தைப் பார்ப்பார், எப்போதும் அவர்தான் ஜெயிப்பார். இவற்றை வேண்டாத சங்கதி என்று எழுத்தர் ஐயா நினைக்கலாம். ஆனால் அன்றைக்கு முகம் பார்க்கத் தெரிந்தவரைத்தான் வண்டி அடித்தது, அதனால்தான் இந்த வழக்கில் முகம் பார்த்த சாட்சி இல்லை. ஆகையால் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு அக்கா எழுந்து, “ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். என் கிளாஸ்ல எவனையும் வாய் வைக்க விடாதே” என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்க பாருக்குப் போகச் சாலையில் இறங்கினார். தூறல் இருந்தது. பெட்டியின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடிக்கொண்டே நடந்தார். அப்போது கடற்கரைச் சாலைப் பக்கமிருந்து ஒரு வெள்ளை நிறக் கார் வேகமாக வந்து, சந்துக்குள் திரும்பி, அவரை இடித்தது. அவர் புளியமரத்தடியில் போய் விழுந்தார். பெட்டி உடைந்து சீட்டுகள் சாலை முழுதும் பரவின.

கார் சற்றுத் தள்ளி, நான் இருந்த முக்காலியிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில் நின்றது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு என் பக்கமாக இருந்தது. கதவு திறந்து ஒரு வலது கால் வெளியே வந்து சாலையில் ஊன்றியது. செருப்பில்லாத கால். பென்னுடைய பாரின் இளஞ்சிவப்புக் குழல்விளக்கு நேராக அதன்மேல் அடித்தது. இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் பாதிவரை ஒட்டியிருந்தன. கெண்டைக்காலின் உட்பக்கம் பைக் புகைக்குழாய் சுட்டதுபோல் ஒரு முட்டை வடிவத் தழும்பு இருந்தது. அந்தக் கால் ஊன்றிய இடத்திலேயே மூன்று நான்கு நொடி நின்றது, பிறகு உள்ளே போயிற்று. கதவு மூடியது, கார் போய்விட்டது. நான் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம். இந்தப் பதின்மூன்று நாளும் அதை நினைத்து என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு, பாருக்குப் பக்கத்தில் நிற்கும் பைக் டாக்சிக்காரர் சக் என்பவர், “நாப்பத்தேழு முப்பத்தெட்டு! நாப்பத்தேழு முப்பத்தெட்டு!” என்று கார் எண்ணைக் கத்தினார். காரைப் பிடிக்கத்தான் கத்துகிறார் என்று கேட்பவர்கள் நினைப்பார்கள். எதிர்ப் பாரிலிருந்து ஒரு பெண், “கடைசி ரெண்டு முப்பத்தெட்டா, எண்பத்துமூணா? சரியாச் சொல்லுண்ணே!” என்று கேட்டார். விபத்தில் மாட்டிய வண்டியின் எண்ணுக்கு லாட்டரியில் அதிர்ஷ்டம் உண்டு என்று எங்கள் நாட்டில் எல்லோரும் நம்புகிறோம். அன்றைக்குச் சீட்டுகளும் சாலையிலேயே கிடந்தன. எட்டு பாரிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து மழையில் குனிந்து குனிந்து பார்த்தார்கள். முப்பத்தெட்டில் முடிகிற சீட்டைத் தேடினார்கள்.

அதன் பிறகு நான் சாலைக்கு ஓடிச் சென்று துக்தா அக்காவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கண் திறந்திருந்தது. “பெட்டி நனையுது, மூடுடி” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்கு மீட்புக்குழுவின் வண்டி வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுபடுக்கை கொண்டுவந்த ஊழியர் என்னிடம் முதலில் கேட்டது வண்டி எண்ணைத்தான்.

ஆஸ்பத்திரியில் நோயாளியின் முழுப்பெயரைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடம் ஒரே கிளாஸில் குடித்த மனுஷியின் பெயர் எனக்குத் தெரியாது. பையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்து அவர்களே சம்ரான் வோங்சா என்று எழுதினார்கள். அதன் பிறகு ஒன்பது நாட்கள் வேலை முடிந்ததும் போய் அவர் பக்கத்தில் இருந்தேன். நினைவு திரும்பவில்லை. நான் அவர் காலைப் பிடித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை கூப்பிட்டும், “லீவு நாள்லயாவது உன் கையைச் சும்மா வை” என்று சொல்லித் தட்டிக்கழித்தவர். தினமும் எட்டு மணிநேரம் நடந்த கால், குதிகால் கருங்கல்லாக இருந்தது. ஒன்பதாம் நாள் கொஞ்சம் இளகியது. அன்றைக்கு, ஆகஸ்ட் 31ஆம் தேதி மாலை நாலு மணிக்கு அவர் இறந்துபோனார்.

மறுநாள் ஒன்றாம் தேதி, லாட்டரிக் குலுக்கல். கடைசி இரண்டு எண் ஐம்பத்திரண்டு என்று விழுந்தது. அதுவரை சந்து முழுதும் முப்பத்தெட்டைத் தவிர வேறு பேச்சில்லை, அன்று சாயங்காலத்தோடு அந்த எண்ணை எல்லோரும் மறந்துவிட்டார்கள். “ஏமாத்திருச்சு” என்று சக் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய தலைக்கவசத்தைத் தூக்கிச் சாக்கடையில் போட்டேன். அதற்கு அவர் என்மேல் புகார் கொடுத்தால் ஒப்புக்கொள்கிறேன்.

கார் எண் ஊருக்கே தெரிந்துவிட்டதால் காரை மறைக்க முடியவில்லை. முகத்தை யாரும் பார்க்காததால் ஓட்டிய ஆளை மாற்ற முடிந்தது. விபத்துக்கு மறுநாள் காலை அந்தக் காரின் சொந்தக்காரர் வீட்டு ஓட்டுநர் சங்குவன் என்பவர், வயது 61, தான்தான் ஓட்டியதாக இந்த நிலையத்தில் வந்து சரணடைந்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் வயது, சரணடைந்தது எல்லாம் எனக்குப் பென் சொல்லித் தெரியும்.

அதன் பிறகு ஆகஸ்ட் 26ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகல், பிணையில் வந்திருந்த சங்குவன் நான் வேலை செய்த கடைக்கு வந்து, கால் பிடித்துவிடச் சொல்லி உட்கார்ந்தார். கால் கழுவும் தொட்டியில் அவர் காலை வைத்தபோது பார்த்தேன். வலது காலில் பெருவிரல் நகமே இல்லை, விரல்கள் ஐந்தும் தனித்தனியாக இருந்தன, தழும்பு கிடையாது. நான் கழுவிக்கொண்டே இருந்தேன். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் பேசினார்.

“நீ என்னைப் பாத்தேன்னு மட்டும் சொல்லும்மா. போதும்.”

“உங்க காலை இன்னைக்குத்தான் மாமா முதல்தடவை பாக்குறேன்.”

“காலையெல்லாம் யார் கேட்டா?”

“நான் பாத்தது அதைத்தானே?”

அதற்கு அவர், “முதலாளிக்கு முன்னாடி அவர் மகனைக் கையில வாங்கினவன் நான். பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டினதே நான்தான். அவனுக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததும் நான். செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டு தம்பி, அப்பத்தான் பிரேக் பிடிபடும்னு சொல்லிக்குடுத்தேன். அப்ப தப்பு யாரோடது, சொல்லு?” என்றார்.

“மாமா, இடிச்சது யாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க” என்றேன். அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. துண்டால் அவர் காலைத் துடைத்து, முழு ஒரு மணிநேரமும் பிடித்துவிட்டுத்தான் அனுப்பினேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அவர் கேட்டது நடக்காது. அறுபத்தொரு வயது மனுஷர் தான் செய்யாத காரியத்துக்கு உள்ளே போவார், துக்தா அக்காவைச் சாகடித்தவர் பழையபடி திங்களும் வெள்ளியும் என் முன்னால் வந்து காலை நீட்டுவார். அந்தக் காலை நான் தொடமாட்டேன்.

மேற்படி ஒட்டிய விரலும் தழும்பும் உள்ள கால், அந்தக் கார்க்காரர் வீட்டு மகன், வயது சுமார் 23, வீட்டில் கூப்பிடும் பெயர் கோல்ஃப், அவருடையது. பதினான்கு மாதங்களாகத் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நடந்தே எங்கள் கடைக்கு வந்து என்னிடம்தான் கால் பிடித்துக்கொள்வார். பந்து விளையாடுவதால் கெண்டைக்கால் இறுகிப்போயிருக்கும். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். நல்ல பிள்ளை, போகும்போது கைகூப்பி அத்தை என்று சொல்லிவிட்டுத்தான் போவார். 22ஆம் தேதிக்குப் பிறகு அவர் வரவில்லை.

செப்டம்பர் 2ஆம் தேதி நான் நிலையத்துக்குப் போகப்போவதாகக் கடை முதலாளி அம்மாவிடம் சொன்னேன். கடை இருக்கும் கட்டடம் அந்தக் கார்க்காரருக்குச் சொந்தமானது. “உனக்கு ஏண்டி இந்த வம்பு? செத்தவ திரும்பி வரப்போறாளா? உன்னால நாங்க ஆறு பேரு தெருவுல நிக்கணுமா?” என்று கேட்டார். ஆறு பேரும் என் தோழிகள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் என் தைலக்குப்பியையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு அன்றே வெளியே வந்துவிட்டேன். முக்காலி என் சொந்தமானது.

முகத்தைப் பார்த்தாயா என்று என்னிடம் மூன்று முறை கேட்கப்பட்டது. பார்க்கவில்லை என்று மூன்று முறையும் சொன்னேன். பார்த்ததாகச் சொன்னால் வழக்குக்கு வலு என்று ஒருவர் சொன்னார், அவர் யாரென்று நான் சொல்லப்போவதில்லை. பார்க்காததைச் சொல்லமாட்டேன். காலைப் பற்றிப் பேசுவதே மரியாதையில்லை, அதை வைத்து நீதிபதி முன்னால் எப்படி நிற்பாய் என்றும் கேட்கப்பட்டது. அதற்கு நான் கேட்டுக்கொள்வது என்னவென்றால், ஒரு திரையைக் கட்டி, அதற்குப் பின்னால் பத்து ஆண்களை உட்காரவைத்து, காலை மட்டும் வெளியே நீட்டச் சொல்லுங்கள். சங்குவனையும் கோல்ஃபையும் அவர்களுக்குள் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். ஒட்டிய விரல் உள்ளவர்கள் இன்னும் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து வைத்தாலும் சரி. என் கண்ணையும் கட்டிவிடுங்கள். கையால் தொட்டு நான் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் பொய்சாட்சி என்று என்னை உள்ளே வையுங்கள். இதே வார்த்தைகளை நீதிபதி முன்னாலும் சொல்வேன், எத்தனை முறை கூப்பிட்டாலும் வருவேன்.

மேற்கண்டவற்றை எழுத்தர் ஐயா எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். படித்து முடித்துக் கையெழுத்துக் கேட்டபோது, ஓர் இடத்தைத் திருத்தவேண்டும் என்று சொன்னேன். “நான் சாலைக்கு ஓடிச் சென்று துக்தா அக்காவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்” என்று இருக்கிறது. சொல்லும்போது நான்தான் அப்படிச் சொன்னேன். அது உண்மையில்லை. கோடு போட்டு அடிக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், கீழே உண்மையை எழுதுங்கள் என்று கேட்டேன்.

கால் உள்ளே போய்க் கதவு மூடியதும் நான் அடுத்துப் பார்த்தது காரின் எண்ணைத்தான். சக் கத்துவதற்கு முன்பே என் வாய் முப்பத்தெட்டு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டது. பிறகு மற்றவர்களோடு நானும் சாலையில் இறங்கினேன். நானும் குனிந்தேன். முப்பத்தெட்டில் முடிகிற சீட்டு ஒன்று என் காலடியிலேயே கிடந்தது. அதை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, ரவிக்கைக்குள் வைத்தேன். அதன் பிறகுதான் புளியமரத்தடிக்குப் போனேன். போவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுத்தர் ஐயா கேட்டார். அதிகமில்லை, ஒரு நிமிடம் இருக்கலாம். பெட்டி நனையுது என்று அக்கா என்னிடம் சொன்னபோது அவருடைய சீட்டு என் நெஞ்சில் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு முகம் பார்க்கத் தெரியும்.

அந்தச் சீட்டை இப்போது இந்த மேசைமேல் வைக்கிறேன். பரிசு விழவில்லை. விழுந்திருந்தாலும் இங்கே கொண்டுவந்து வைத்திருப்பேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் என் சாட்சியே கெட்டுப்போகும், விட்டுவிடலாம் என்று எனக்கு அறிவுரை சொல்லப்பட்டது. நான் மறுத்துவிட்டேன். தன்னைப் பற்றிப் பொய் சொல்கிறவள் காலைப் பற்றி மட்டும் உண்மை சொல்வாள் என்று யார் நம்புவார்கள்?

திருத்தத்தோடு சேர்த்து இரண்டாம் முறையும் படிக்கக் கேட்டேன். இதில் உள்ளதெல்லாம் நான் பார்த்தது, நான் செய்தது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. துக்தா என்று வரும் முதல் இடத்தில் சம்ரான் வோங்சா என்று அவருடைய முழுப்பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லம்துவான் சீகம், என்கிற கோப்

இணைப்பு: லாட்டரிச் சீட்டு ஒன்று, கடைசி இரண்டு எண் 38, சேற்றுக்கறையுடன், சாட்சி தானாக ஒப்படைத்தது.